ஷாங்காய்க் கொழுக்கட்டை

விடுதியில் வாழும் மாணவர் ஓயாது பேசுவன இரண்டு பொருள்களே. ஒன்று தேர்வு, மற்றொன்று உணவு. தேர்வைப்பற்றிப் பேசினால் பசி மிகுகின்றது. உணவைப்பற்றிப் பேசினால் தேர்வு மறந்துபோகின்றது. ஆதலின் இரண்டாவதனையே யாம் பெரிதும் விரும்பிப் பேசுவோம். அத்தகைய பேச்சொன்றிலிருந்து முளைத்ததே ஈண்டு யாம் கூறப்புகுந்த நிகழ்ச்சி.

எம் சிற்றப்பா சிங்கப்பூரிற் கட்டட வேலை செய்பவர். அவர் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமையன்று, உடன் வேலைபார்க்கும் சீனத் தோழர் ஒருவரோடு ஒரு சிறு ஷாங்காய் உணவுக்கடைக்குச் சென்றாராம். மேசைமேல் மூங்கிற் கூடையொன்றை வைத்தனர். மூடியைத் திறக்க ஆவி எழுந்தது. உள்ளே எலுமிச்சம்பழ அளவிற் சில வெள்ளைப் பொதிகள் இருந்தன. பசியோடிருந்த சிற்றப்பா ஒன்றனை எடுத்து அப்படியே வாயிலிட்டுக் கடித்தார். உள்ளிருந்து கொதிக்கும் சாறு பீறிட்டு நாவைச் சுட்டுவிட்டது! சீனத் தோழர் நகைத்து, அதனை உண்ணும் முறையைக் கற்பித்தாராம். முதலிற் குச்சிகளால் மெல்ல எடுத்து ஒரு கரண்டியில் வைத்தல் வேண்டும். ஓரத்திற் சிறிதாகக் கடித்துத் துளைசெய்து சாற்றை உறிஞ்சுதல் வேண்டும். பின்னரே இஞ்சித் துருவலிட்ட கரும் புளிக்காடியில் தோய்த்து முழுவதையும் உண்ணல் வேண்டும். அதன் பெயர் 'சியாவ்லொங்பாவ்'. தமிழிற் கூறின் 'சிறுகூடைப் பொதி' எனலாம்.

மாவுப் பொதிக்குள் சாறு புகுந்த விதம் யாது? இவ்வினா எம் விடுதியறையில் ஒரு வாரம் நடந்தது. விடை அறிந்தபோது வியப்பே மேலிட்டது. பன்றியின் தோலை நீரிலிட்டு நெடுநேரம் காய்ச்சினால் அதிலுள்ள பசை நீரிற் கரைகின்றது. ஆறியபின் அந்நீர் நுங்குபோல உறைந்து நிற்கும். அதனைப் பொடியாக நறுக்கி இறைச்சியோடு கலந்து மாவிற் பொதிந்துவிடுவர். ஆவிபட்டவுடன் உறைந்தது உருகிச் சாறாகின்றது. ஷாங்காய் நகரின் புறத்தேயுள்ள நான்ஷியாங் என்னும் ஊரில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது தோன்றியதென்பர். அந்நகரத்தார் இதற்கு உறவான வேறொன்றும் செய்வர். பொதிகளை அகன்ற தட்டைச் சட்டியில் எண்ணெயிட்டு அடுக்கிச் சிறிது நீர் தெளித்து மூடிவிடுவர். அடி முறுகியும் மேல் ஆவியில் மெத்தென்றும் வேகும். வெங்காயத்தாளை எண்ணெயில் மெல்லத் தாளித்து, அவ்வெண்ணெயைச் சோயாச் சாற்றோடு கலந்து பிசறும் நூடுல்ஸும் அவர்க்கு நாள்தோறும் உகந்த எளிய உணவு. இவற்றையெல்லாம் கேட்டுக்கேட்டு எம் நண்பர் இருவர்க்கும் எமக்கும் ஷாங்காய் உணவின்மீது ஒரு தீராத வேட்கை உண்டாயிற்று.

கோடை விடுமுறையில் அந்நண்பர் இருவரும் எம் ஊர்க்கு வந்தனர்; ஒருவர் நெல்லையர், மற்றவர் கோவையர். 2022-ஆம் ஆண்டில் அகலப்பாதையாக மீண்டும் தேனிவரை ஓடத் தொடங்கிய புகைவண்டியில் மதுரையிலிருந்து ஏறி, உசிலம்பட்டியையும் ஆண்டிபட்டிக் கணவாயையும் கடந்து வந்திறங்கினோம். தேனி நகர்க்குத் தெற்கே கம்பம் நெடுஞ்சாலையைத் தழுவிக் கிடக்கும் பேரூரே எம் பழனிசெட்டிபட்டி. பக்கத்தே முல்லைப் பெரியாறு ஓடுகின்றது. மேற்கு நோக்கி ஓடிய மலையாற்று நீரை, 1895-ஆம் ஆண்டில் நிறைவேறிய அணையால் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினர்; அந்நீரன்றோ எம் பள்ளத்தாக்கின் வயல்களை வாழ்விக்கின்றது! நண்பர்கள் தடுப்பணையில் நீராடி மகிழ்ந்தனர். அவர்களை எம் வீட்டிலே தங்கவைக்காது அத்தை வீட்டு மாடியில் தங்கவைத்தோம். 'அங்கே காற்று நன்கு வரும்' என்று காரணமும் கூறினோம். அக்காரணம் பொய்யன்று, ஆயின் முழு மெய்யும் அன்று.

இரண்டாம் நாள் மாலை, "எங்கள் ஊரிலேயே ஷாங்காய்க் கடை ஒன்று உண்டு, வாருங்கள்" என்று அழைத்தோம். நண்பர்கள் துள்ளி எழுந்தனர். மாலை ஆறு மணியைத் தெரிந்தெடுத்ததற்கும் எமக்கு ஒரு காரணம் இருந்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

நெடுஞ்சாலை ஓரத்தே தகரக் கூரையிட்ட சிறு கடை அது. நெகிழிநாற்காலிகள் பத்து, மேசைகள் மூன்று, முகப்பிற் சிவப்பெழுத்தில் 'ஷாங்காய் நூடுல்ஸ், மோமோ' என்றொரு பலகை. வாயிலிலேயே பெருந்தீ இரையும் அடுப்பு. அதன்மேற் கரிய இருப்புச்சட்டியைத் தூக்கித் தூக்கி எறிந்து நூடுல்ஸைப் புரட்டிக்கொண்டிருந்தார் சமையற்காரர். இருபத்தைந்து வயதிருக்கும். அருகே அலுமினிய அடுக்குப் பாத்திரத்திலிருந்து ஆவி எழுந்தவண்ணமிருந்தது.

யாம் தமிழ் பயில்வோராதலின் சட்டியைக் கண்டவுடன் எமது கல்வி தலைகாட்டிற்று. "நண்பர்காள், இதனைத் தென்னாட்டிற் பலர் சீனச்சட்டி என்பர். நாம் தேநீரில் இடும் சீனியும், திருவிழாவில் வெடிக்கும் சீனவெடியும் அந்நாட்டின் பெயரையே தாங்கி நிற்கின்றன. சோழர் தூதுவர் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளிற் சீன அரசவைக்குச் சென்றனர். சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டைச் சார்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கின்றது. சீனக் கடற்றலைவர் செங் ஹெ 1409-ஆம் ஆண்டிட்டுப் பொறித்த கல்லில் சீனமும் பாரசீகமும் தமிழும் ஒருங்கே நிற்கின்றன, இலங்கையின் காலியில் 1911-ஆம் ஆண்டில் அது கண்டெடுக்கப்பட்டது" என்று அடுக்கினோம். கோவை நண்பர், "கல்வெட்டு ஆறாது, நூடுல்ஸ் ஆறிவிடும், உட்காரும்" என்றார். உட்கார்ந்தோம். மூவரும் தலைகுனிந்து இறைவனுக்கு நன்றி கூறி உண்ணத் தொடங்கினோம்.

முதலில் மோமோ வந்தது. தட்டுக்கு எட்டு, விலை 80 ரூபாய். கோவை நண்பர் சிற்றப்பாவின் பாடத்தை மறவாது, ஒன்றனைக் கரண்டியில் வைத்து, ஓரத்தைக் கடித்து, கண்ணை மூடி உறிஞ்சினார். ஒன்றும் வரவில்லை! கோழியும் கோசும் வெங்காயமும் இஞ்சியுமே உள்ளே இருந்தன. எனினும் மேல்மாவு மெல்லியதாயும் வழுவழுப்பாயும் இருந்தது; பூரணம் பதமாக வெந்திருந்தது; உடன் வைத்த செம்மிளகாய்த் துவையல் கண்ணீர் வரவழைத்தது. நூடுல்ஸும் தீயின் மணத்தோடு சுவையாகவே இருந்தது. ஆனால் பலகை கூறிய ஷாங்காய் அதில் எங்குமில்லை.

"அண்ணா, நீங்கள் ஷாங்காய்க்காரரா?" என்று நெல்லை நண்பர் வினவினார். அவர் வாய்விட்டு நகைத்தார். "டார்ஜிலிங் மலை, தம்பி. நாள்தோறும் நாலுபேர் என்னைச் சீனாக்காரன் என்பார்கள். பலகை எழுதியவர் அழகாயிருக்கட்டும் என்று அப்பெயரை எழுதிவிட்டார். ஷாங்காயை நானும் கண்டதில்லை" என்றார். (அவர் பேசிய கலப்புத் தமிழைத் திருத்தி எழுதுகின்றோம்.)

பின்னர் யாம் படித்தறிந்ததையும் இங்கே சேர்த்துரைத்தல் தகும். மோமோ திபெத்திலும் நேபாளத்திலும் வழங்கும் உணவு. 1959-ஆம் ஆண்டிற்குப்பின் திபெத்திய அகதிகள் வந்து குடியேறிய இடங்களிலெல்லாம் அதுவும் பரவிற்று. நம் தெருக்களில் விற்கும் நூடுல்ஸோ, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கல்கத்தாவில் வந்து குடியேறிய சீன மக்களின் அடுக்களையில் நம் நாட்டு மிளகாயோடு கலந்து உருவானது. அச்சீனருட் பெரும்பாலோர் தென்சீனத்தினர். ஷாங்காய்ப் பகுதியினர் அல்லர். ஆக, யாம் உண்டது மூன்று நாட்டு வழிகள் கூடிய ஓர் உணவு.

இனி எம் நெஞ்சைச் சுட்ட பகுதியைக் கூறுவோம்.

கோவை நண்பர் மூன்றாவது மோமோவை உயர்த்திப் பிடித்து, "இது வேறொன்றுமில்லை, நம் கொழுக்கட்டைதான். தெருமுனையிற் கிழவிகள் ஈ ஓட்டிக்கொண்டு பத்து ரூபாய்க்கு விற்பார்களே, அதுவே வேடமிட்டு வந்திருக்கின்றது. அதை யார் வாங்கித் தின்பார்கள்?" என்றார். நெல்லை நண்பர் சிரித்தார். யாமும் சிரித்தோம்.

எம் அப்பத்தா தெருமுனையிற் கொழுக்கட்டை விற்பவர்.

எம் தந்தையார் யாம் சிறுவராயிருந்தபோதே காலமானார். தாயார் நூற்பாலையில் முறைவேலை பார்க்கின்றார். அப்பத்தா நாள்தோறும் மாலை ஐந்து மணிக்கு ஓர் அடுப்பும் கொப்பரையும் கொண்டு கடைத்தெரு முனைக்குச் செல்வார். கொப்பரையின் வாயில் வெள்ளைத்துணியால் வேடு கட்டி, அதன்மேற் கொழுக்கட்டைகளை அடுக்கி வேகவைப்பார். எட்டு மணிக்குள் நூறு கொழுக்கட்டை விற்றுவிடும். எம் விடுதிக் கட்டணத்திற் பாதி அக்கொப்பரையிலிருந்தே வருகின்றது. இரண்டு ஆண்டுகளாக இதனை யாம் விடுதியில் ஒருவர்க்கும் கூறியதில்லை. நண்பர்களை அத்தை வீட்டில் வைத்ததும், மாலை ஆறு மணிக்கு நெடுஞ்சாலைப் பக்கமாக அழைத்துச்சென்றதும் இதற்காகவே. அன்று யாம் மறுதலித்தபோது சேவல் கூவவில்லை. இருப்புச்சட்டி மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

கூட்டம் சற்றுக் குறைந்தது. சமையற்காரர் எம் மேசையருகே மாவுத்தட்டுடன் வந்தமர்ந்து மோமோக்களை மடிக்கத் தொடங்கினார். இடக்கையில் வட்டமான மாவுத்தகடு, நடுவிற் பூரணம், வலக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் ஓரத்தைச் சிறுசிறு கொசுவங்களாகப் பிடித்துச் சுற்றிவர, நொடிப்பொழுதில் வாய் மூடிக்கொண்டது. "யார் கற்பித்தார், அண்ணா?" என்று நெல்லை நண்பர் கேட்டார்.

"என் அம்மா. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தருகே இருபது ஆண்டுகளாக அவர் மோமோ விற்கிறார். அவர் விற்றுத்தான் நாங்கள் நால்வரும் வளர்ந்தோம்" என்றார். கைமாவைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்துப் படமொன்று காட்டினார். மங்கலான குளிர்மலைச் சாலை; கம்பளிச் சால்வை போர்த்த ஒரு மூதாட்டி; முன்னே ஆவி பறக்கும் பாத்திரம். அதனை அவர் காட்டிய முகத்தில் இருந்த பெருமிதத்தை யாம் என்றும் மறவோம். பிறகு எம்மை நோக்கி, "தம்பி, நீங்கள் இவ்வூர்க்காரர்தானே? இங்கே இதுபோல யார் செய்வார்கள்?" என்றார்.

அவர் ஒன்றும் அறிந்து கேட்டாரல்லர். ஆயினும் தாயகத்தினின்றும் நெடுந்தொலைவு வந்து பிழைக்கும் அவ்விளைஞர் தம் தாயின் தொழிலை அந்நியர்முன் மகிழ்ந்து கூறியபின், சொந்த ஊரில் சொந்த நண்பரிடையே வாய் மூடியிருக்க எம்மால் இயலவில்லை. "எங்கள் அப்பத்தா செய்வார். கடைத்தெரு முனையில் விற்கிறார்" என்றோம். எம் குரல் எமக்கே அந்நியமாக ஒலித்தது. கோவை நண்பர் கையிலிருந்த கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டார். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

சமையற்காரர் மட்டும் மகிழ்ந்தெழுந்து, நான்கு மோமோக்களை இலையிற் பொதிந்து, "பாட்டிக்குக் கொடுங்கள், எப்படி இருக்கிறதென்று கேட்டுவந்து சொல்லுங்கள்" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

கடைத்தெரு முனைக்கு விரைந்தோம். அங்கே அப்பத்தா இல்லை! அடுப்பு வைக்கும் இடத்திற் கரிபிடித்த மூன்று கற்களே கிடந்தன. அருகிருந்த பூக்காரம்மாள், "நேத்தையிலிருந்து உள்சந்துக்குப் போயிட்டாகளே, உனக்குத் தெரியாதா?" என்றார். எமக்கு ஒன்றும் விளங்கவில்லை. தெருவிளக்கு எட்டாத அச்சந்தின் கோடியில், ஒரு சுவரோரமாக, கொப்பரையின் ஆவிக்குப்பின் அப்பத்தா தனியே அமர்ந்திருந்தார். வாங்குவோர் ஒருவரும் இலர். ஓலைப்பெட்டியிற் பாதிக்குமேல் விலையாகாமற் கிடந்தன.

எம்மைக் கண்டதும் அவர் பதறி எழுந்து முந்தானையாற் கொப்பரையை மறைக்க முயன்றார். "என்னய்யா, இந்தப் பக்கம் எதுக்கு அவகளைக் கூட்டிக்கிட்டு வந்தே?" என்று மெல்லக் கேட்டார். அப்போதே யாம் உணர்ந்தோம். யாம் அவரிடம் ஒரு சொல்லும் கூறவில்லை. எனினும் எம் முகத்தைப் படித்து, எம் நண்பர் கண்ணிற் படாதிருக்கவேண்டுமென்று, இரண்டு நாள் விற்பனையை இழந்து அவரே இருட்டுச் சந்துக்குக் குடிபெயர்ந்திருக்கின்றார். யாம் எம் வெட்கத்தை மறைத்ததாகவன்றோ எண்ணியிருந்தோம்! அதன் விலையை அவர் செலுத்திக்கொண்டிருந்தார்.

எமக்கு நாவெழவில்லை. கோவை நண்பரே முன்சென்று, மண்ணில் உட்கார்ந்து, "அப்பத்தா, எனக்குப் பூரணக் கொழுக்கட்டை நாலு வேண்டும்" என்றார். தேங்காயும் வெல்லமும் ஏலமும் மணக்கச் சுடச்சுட எடுத்துக்கொடுத்தார். நண்பர் ஒன்றும் பேசாது நான்கையும் உண்டார். பின்னும் இரண்டு கேட்டார். கடையிற் கூறியதுபற்றி அவர் எம்மிடம் அன்றும் பேசவில்லை, பின்னரும் பேசவில்லை. அவர் உண்ட விதமே எமக்குப் போதுமானதாயிருந்தது.

இலைப்பொதியை அப்பத்தாவிடம் கொடுத்தோம். அவர் மோமோவை விளக்கருகே பிடித்து, தட்டான் நகையை நோக்குவதுபோல் நோக்கினார். "மைதா மாவு. பச்சைத் தண்ணியிலே பிசைஞ்சிருக்காக. அதான் இப்படி இழுபடுது. நம்ம அரிசிமாவுக்கு வெந்நீர் ஊத்தாட்டி விண்டுபோகும். கொசுவம் அருமையா இருக்கு. பிள்ளைக்கு நல்ல கை" என்றார். ஒன்றை மென்றபின், "உப்பு மட்டும் ஒரு சிட்டிகை கூட" என்று தீர்ப்புரைத்தார். பின் பத்துக் கொழுக்கட்டைகளை எடுத்து வாழையிலையிற் சுற்றி, "அந்தப் பிள்ளைக்குக் குடுத்துட்டு வா, ஊரைவிட்டு வந்து கிடக்கு" என்றார்.

மதுரைக்காஞ்சியிலே மாங்குடி மருதனார், இரவில் மோதகத்தோடு உறங்கி வழியும் கூவியரைக் காட்டுகின்றார். வகுப்பில் அப்பகுதியைப் படித்தபோது அவர் நுண்ணிய நோக்கை வியந்தோம், ஆராய்ச்சிக்குறிப்பும் எழுதினோம். மோதகம் விற்ற கை எம் வீட்டிலேயே இருந்ததை எண்ணினோமல்லேம். நூலிலே வந்தாற் போற்றுவதும், வாயிலிலே இருந்தால் மறைப்பதும் என்ன கல்வியோ!

மறுநாள் மாலை அடுப்பை யாம் சுமந்தோம். கொப்பரையை நெல்லை நண்பர் சுமந்தார். ஓலைப்பெட்டி கோவை நண்பர் தலைமேல் வந்தது. பழைய முனையிலேயே மூன்று கற்களின்மேல் அடுப்பேற்றினோம். கடை திறக்குமுன் டார்ஜிலிங் அண்ணாவும் வந்தார். அரிசிமாவை வாங்கித் தம் வழக்கப்படி கொசுவம் வைத்து மடிக்க முயன்றார். மாவு விண்டு பூரணம் வெளியே வந்துவிட்டது. அப்பத்தா வாய்நிறையச் சிரித்து, "இதுக்கு மடிப்பு ஆகாதுய்யா, அமுக்கித்தான் ஒட்டணும்" என்று அவர் விரலைப் பிடித்துக் காட்டினார். எட்டு மணிக்குமுன் நூறும் விற்றுத் தீர்ந்தன.

விடுமுறை முடிந்து கல்லூரிக்கு மீண்டோம். கட்டணச் சலுகைக்கென ஆண்டுதோறும் நிரப்பும் படிவத்தில் 'குடும்பத்தின் தொழில்' என்றொரு கட்டம் உண்டு. முதலிரண்டு ஆண்டுகளிலும் அதில் 'வேளாண்மை' என்றே எழுதியிருந்தோம். எமக்கு ஒரு குழி நிலமும் இல்லை. இவ்வாண்டு அக்கட்டத்தில், 'தாயார் நூற்பாலைத் தொழிலாளி. அப்பத்தா கொழுக்கட்டை விற்பவர்' என்று எழுதினோம். இடம் சற்றுப் போதவில்லை. ஓரத்திற் சிறிய எழுத்தில் எழுதி முடித்தோம்.